முதல் வரிசை பெருமாளுக்கு

வியன்னாவுக்குப் போகிறவர்கள் ஓபரா பார்க்காமல் திரும்புவதில்லை. அந்த அரங்கம் 1869-இல் திறந்தது, 1945-இல் குண்டு விழுந்து எரிந்தது, 1955-இல் மறுபடி கதவைத் திறந்தது. உட்காரக் காசில்லாதவர்களுக்கு நின்று பார்க்கத் தனி டிக்கெட் உண்டு. கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டி இடம் பிடித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்களாம். நீயும் கட்டியவள்தானே! இப்போது "நம்ம ஊர்ல அந்த மாதிரி என்னக்கா இருக்கு?" என்று கேட்கிறாய்.

இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில், மார்கழியில், கோயிலுக்குள்ளே. பாட்டும் அபிநயமும் கதையும் சேர்ந்து வரும் அதற்கு அரையர் சேவை என்று பெயர். ஐரோப்பாவில் ஓபரா என்ற கலை 1600-ஐ ஒட்டித்தான் பிறந்தது. நம் அரையர்களோ தங்கள் மரபை நாதமுனிகள் வரை, அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னால் கொண்டுபோகிறார்கள். ஆழ்வார் பாசுரங்களான நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தேடி எடுத்த அவர், தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் இயலும் இசையுமாகச் சொல்லிவைத்தார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களில்தான் இதை முறையாகப் பார்க்க முடியும். கர்நாடகத்தில் மேல்கோட்டையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நான் சொல்லப் போகும் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே. அரையர் உன்னைப் பார்த்துப் பாட மாட்டார், பெருமாளைப் பார்த்துத்தான் பாடுவார். அங்கே ரசிகர் நம்பெருமாள் ஒருவர்தான். கொண்டை, பதக்கம், மாலை என்று அலங்காரம் செய்துகொண்டு, மூலஸ்தானத்திலிருந்து புறப்பாடாகி மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்கிறார். நாம் ஓரமாக இருந்து கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால், "சரியா தெரியலையே, மைக் இல்லையே, நாற்காலி இல்லையே" என்ற புலம்பலில் பாதி தானாகவே போய்விடும். கைதட்டாதே. நன்றாக இருந்தால் கைகூப்பு.

தேதியை ஸ்ரீரங்கத்தில் கேள்

காலண்டரில் வைகுண்ட ஏகாதசி என்று போட்டிருப்பதைப் பார்த்து விமான டிக்கெட் எடுத்துவிடாதே. ஏகாதசி சில வருஷம் டிசம்பரில் வரும், சில வருஷம் ஜனவரியில் வரும். 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு தடவை வந்தது. அது கூடப் பரவாயில்லை. தை மாத உற்சவத்தோடு மோதும்போது, பத்தொன்பது ஆண்டுக்கு ஒரு முறை, ஸ்ரீரங்கம் மட்டும் கார்த்திகையிலேயே கொண்டாடிவிடும். 2021-இல் அப்படித்தான் ஆனது. இங்கே டிசம்பர் 14 அன்று பரமபத வாசல் திறந்தது. மற்ற ஊர்களுக்கு 2022 ஜனவரி 13. கோயில் வெளியிடும் விழா நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்த பிறகு லீவு போடு.

விழா நடக்கும் முறையையும் தெரிந்துகொள். முதலில் ஓர் இரவு திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகம். மறுநாளிலிருந்து பத்து நாள் பகல் பத்து, அதன் பிறகு பத்து நாள் இராப்பத்து. பகல் பத்து இரண்டாம் பிராகாரத்தில் இருக்கும் அர்ஜுன மண்டபத்தில் நடக்கும். இராப்பத்தின் முதல் நாள்தான் வைகுண்ட ஏகாதசி. அன்று விடியுமுன் பெருமாள் ரத்னாங்கியோடு பரமபத வாசல் வழியாகக் கிளம்பி ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போகிறார். அங்குள்ள திருமாமணி மண்டபத்தில் இராப்பத்து. அரையர் சேவை பகல் பத்தில் பெரும்பாலும் முற்பகலிலும், இராப்பத்தில் மாலையிலும் இரவிலும் அமையும். நேரம் தினம் ஒரே மாதிரி இருக்காது. பெருமாள் புறப்பாட்டைப் பொறுத்துத்தான் எல்லாம்.

எந்த நாள் வரலாம்? எல்லாரும் ஏகாதசிக்கு வா என்பார்கள். நான் வராதே என்பேன். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, ஊர் முழுக்கத் தடுப்புக் கட்டைகள், தரிசன வரிசை தெருவரை நீளும். அதற்கு முந்தின நாள் நாச்சியார் திருக்கோலம், மோகினி அலங்காரம். அதற்கும் கூட்டம் நெரியும். அந்த இரண்டு நாளும் கூட்டம் வருவது பெருமாளைப் பார்க்க. பாட்டு உன் காதில் விழுந்தால் அதிர்ஷ்டம். பகல் பத்தின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாறு நாளைக்குள், வாரநாளாகப் பார்த்து வா. சனி ஞாயிறு வேண்டாம்.

அபிநயம்தான் பார்க்க வேண்டும் என்றால் முத்துக்குறி நாளைப் பிடி. அது பகல் பத்தின் கடைசிப் பகுதியில் வரும். கூட்டம் சற்று அதிகம்தான், ஆனாலும் அதற்காக இடிபடலாம். கதை இதுதான்: பெருமாள் மேல் மையல் கொண்டு மெலிந்து போன ஒரு பெண், மகளுக்கு என்ன ஆயிற்று என்று தவிக்கும் தாய், முத்துகளைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி. மூன்று பேரும் ஒரே அரையர்தான். புடவை கிடையாது, ஒப்பனை கிடையாது, விளக்கை அணைத்து ஏற்றுவது கிடையாது. குரலும் கையும் நடையும் மாறும், ஆள் மாறிவிடுவார். ஆதாரம் திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகம். அவரே தம்மைப் பரகால நாயகியாக வைத்துப் பாடியவர் என்பதால் ஓர் ஆண் நாயகியாக நிற்பது இந்த மரபில் புதிதில்லை. அரையர் உரிமை ஆண்களுக்கு மட்டும், அதுவும் சில குடும்பங்களுக்கு மட்டும். ஒரு தாயின் தவிப்பையும் மகளின் ஏக்கத்தையும் இத்தனை நுணுக்கமாக வைத்திருக்கும் கலையில் ஒரு பெண் குரல்கூட இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதையும் சொல்லிவைக்கிறேன்.

கம்ச வதம், அமுதம் கடைந்தது, வாமனன், இராவண வதம், இரணிய வதம் என்று வேறு நாள்களுக்கும் கதை உண்டு. எது என்றைக்கு என்பதை நிகழ்ச்சி நிரலில் பார்த்துக்கொள். அதில் புரியவில்லையென்றால் உள்ளூர் மாமிகளைக் கேள்.

வீட்டுப்பாடம் கொஞ்சம் உண்டு

ஓபராவுக்குப் போகும் முன் கதைச் சுருக்கம் படிப்பாயே, அந்த மாதிரி அன்றைய பாசுரங்களைப் படித்துவிட்டு வா. இராப்பத்து முழுக்க நம்மாழ்வாரின் திருவாய்மொழி. மொத்தம் 1102 பாசுரங்கள், பத்துப் பத்தாகப் பிரித்தது, ஓர் இரவுக்கு ஒரு பத்து. எந்த நாள் வருகிறாயோ அந்தப் பத்தை மட்டும் படித்தால் போதும். பகல் பத்தில் பெரியாழ்வார், ஆண்டாள், குலசேகரர், திருமங்கையாழ்வார் என்று கலந்து வரும். எதுவும் முடியவில்லையென்றால் திருநெடுந்தாண்டகத்தையாவது படி. முப்பதே பாசுரம்தான். ரெங்கா ரெங்கா கோபுரத்துக்கு உள்பக்கக் கடைகளில் நாலாயிரம் புத்தகம் கிடைக்கும். எழுத்துப் பெரிதாக இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்கு. மண்டபத்து வெளிச்சத்தில் பொடி எழுத்து தெரியாது.

படிக்காமல் வந்தால் என்ன ஆகும்? முதல் அரைமணி நேரம் சலிக்கும், உள்ளதைச் சொல்கிறேன். வீணை இல்லை, மிருதங்கம் இல்லை. கையில் தாளம், தலையில் காதை மூடும் மடலோடு கூம்பாக நிற்கும் வெல்வெட் குல்லாய், கழுத்தில் பெருமாள் சாற்றிக் களைந்த மாலை. இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். கச்சேரி மாதிரி ஆலாபனை எதிர்பார்க்காதே. நிதானமாக, சொல்லுக்குச் சொல் தாளம் வைத்துப் போகும். முதலில் 'கொண்டாட்டம்' என்று பெருமாளைப் புகழ்ந்து ஆரம்பிப்பார்கள். பிறகு பாசுரத்தை இசைப்பார்கள், பிறகு அதே பாசுரத்துக்குக் கையால் பொருள் சொல்வார்கள், அதன் பின் 'தம்பிரான்படி' என்ற வியாக்கியானத்தைச் சொல்வார்கள். அது அரையர் வீடுகளில் வழிவழியாக வந்த உரை. ஒரே வரிக்கு இரண்டு மூன்று விதமாக அபிநயம் வரும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கையைப் பார். அந்த இடத்துக்காகத்தான் உன்னை வரச் சொல்கிறேன்.

இன்னொரு கதையும் தெரிந்திருந்தால் அந்தக் குல்லாயைப் பார்க்கும்போது மரியாதை கூடும். இராமாநுசர் காஞ்சிபுரத்தில் இருந்தார். ஸ்ரீரங்கத்துக்கு அவர் வேண்டும். கேட்டால் காஞ்சிப் பெருமாளான வரதர் கொடுக்க மாட்டார். வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் மகனான திருவரங்கப்பெருமாள் அரையர் காஞ்சிக்குப் போய் வரதர் முன்னால் பாடி ஆடினார். மனம் குளிர்ந்த வரதர் என்ன வேண்டும் என்று கேட்க, "இராமாநுசரைத் தாரும்" என்றார். இராமாநுசர் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தது ஒரு பாட்டுக்காரரின் சாமர்த்தியத்தால் என்று குருபரம்பரை சொல்கிறது. பிற்பாடு இராமாநுசர் அந்த அரையரிடமே பாடமும் கேட்டார்.

எங்கே உட்காருவது

அரங்கம் என்ற கணக்கில் பார்த்தால் ஆயிரங்கால் மண்டபத்தைப் போல மோசமான இடம் கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் முன்னால் ஒரு தூண். கல்தூண்கள் 953, மீதி 47-க்கு விழா சமயத்தில் கால் நட்டுக் கணக்கை நேர் செய்வார்கள். கட்டியவர்கள் பார்வையாளர் வசதியை நினைக்கவே இல்லை. நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை, நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரிகிறதே!

தரிசன வரிசை ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் நின்றால் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், இரண்டு வரி கேட்பதற்குள் வெளியே வந்துவிடுவாய். பெருமாளைச் சேவித்துவிட்டு, வரிசை ஓடாத பக்கமாகத் தூண் ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். தினம் வருகிற உள்ளூர்க்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். "மாமி, இங்க கொஞ்சம் ஒக்காந்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார். அந்த மாமிதான் உனக்கு அன்றைய வழிகாட்டி, எந்தப் பாசுரம் ஓடுகிறது, அடுத்து என்ன என்று காதோடு சொல்லிவிடுவார். நீ மட்டும் கேள்வி மேல் கேள்வி கேட்காதே. இங்கே ஸ்கார்ஃப் கட்டி இடம் பிடிப்பதெல்லாம் எடுபடாது. எழுந்து போனால் இடம் போனது போனதுதான். ஆகவே பாத்ரூம் வேலையை அறையிலேயே முடித்துவிட்டு வா.

நடுவில் திரை விழும். முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதே. ஓபராவில் திரை விழுந்தால் நடிகர்களுக்கு ஓய்வு, இங்கே பெருமாளுக்கு அமுது. விலகியதும் தொடரும்.

போன் விஷயத்தில் வாசலில் என்ன சொல்கிறார்களோ அதைக் கேட்டு நட. அனுமதி இருந்தாலும் அரையர் முன்னால் நீட்டாதே. ஒருத்தி கையைத் தூக்கினால் பின்னால் இருக்கும் இருபது பேருக்கு மறைக்கும்.

அர்ஜுன மண்டபத்தில் இருக்கும்போது வடகிழக்கு மூலையில் துலுக்க நாச்சியார் சன்னிதியைப் பார்த்துவிடு. சிலை கிடையாது, சுவரில் ஓவியம். டெல்லி சுல்தான் மகள் என்பது கோயிலில் வழங்கும் கதை. அவளுக்காக ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம் உண்டு. காதலுக்காக ஊரைவிட்டு ஊர் வந்து உயிர் விட்ட இளவரசி! இத்தாலிக்காரன் கையில் கிடைத்திருந்தால் நாலு அங்கத்துக்கு இழுத்திருப்பான்.

உன்னோடு வேற்று மதத் தோழி யாராவது வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. உள்பிராகாரங்களுக்குள் இந்துக்கள் அல்லாதவர்களை விடுவதில்லை, பலகையே வைத்திருக்கிறார்கள். வெளிப் பிராகாரங்களில் பார்க்க நிறைய இருக்கிறது. வாசலில் போய் நின்று சங்கடப்படும்படி வைத்துவிடாதே.

குழந்தைகளோடு என்றால்

முத்துக்குறியெல்லாம் அவர்களுக்கு ஏறாது. இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறிக்குக் கூட்டி வா. திருமங்கை மன்னன் கொள்ளைக்காரனாக இருந்து பெருமாளையே வழிப்பறி செய்த கதை. பெருமாள் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு வருவார், ஓட்டமும் ஆரவாரமுமாகச் சாயங்காலம் நடக்கும். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ள அத்திம்பேர் யாராவது உடன் வருவது நல்லது.

உடுப்பு, பை, கால்

மார்கழி விடியலில் கருங்கல் தரை பனிக்கட்டி போல இருக்கும். மத்தியானம் வெட்டவெளிக் கல் சுடும். பருத்திப் புடவை, இல்லையென்றால் துப்பட்டாவோடு சுடிதார், மேலே மெல்லிய சால்வை. பட்டுக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவஸ்தைப்படாதே. செருப்பை அறையிலேயே விட்டுவிடு. தெற்கு வாசலில் விட்டுவிட்டுக் கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்து தேடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். கோயில் பரப்பு 156 ஏக்கர் என்பது அப்போதுதான் காலுக்குப் புரியும். ஆயிரங்கால் மண்டபத்துக்கு மட்டும் என்றால் கிழக்கே வெள்ளைக் கோபுரம் வழியாக வருவது கிட்ட. அம்மாவால் நடக்க முடியாது என்றால் முதியவர்களுக்கான பேட்டரி கார் ஓடுகிறதா என்று வாசலில் விசாரி.

"சீக்கிரமா தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று யாராவது பக்கத்தில் வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

மார்கழி தப்பிப் போனால்

சும்மா நாளில் வந்தாலும் நாலாம் பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்று. ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சேஷராயர் மண்டபத்தில் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகள். அவற்றைக் காலை வெயிலில் பார். தென்பக்கம் வேணுகோபாலன் சன்னிதிச் சுவரில் வீணை மீட்டுகிறவள், கிளியோடு நிற்கிறவள் என்று பெண் சிற்பங்கள். கூட்டமே இருக்காது. தாயார் சன்னிதிக்கு எதிரே நாலு கால் மண்டபம் ஒன்று, தெரியாதவர்கள் நிழலுக்கு ஒதுங்கிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பன் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் அதுதான் என்று சொல்கிறார்கள். வால்மீகியில் இல்லாத இரணியன் கதையை ஏன் வைத்தாய் என்று சிலர் ஆட்சேபிக்க, பக்கத்துச் சன்னிதி மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆமோதித்தார் என்பது ஐதீகம். அரங்கேற்றத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் எந்தக் கவிஞனுக்கும் கிடைத்திருக்காது. 236 அடி ராஜகோபுரத்தைப் பார்த்து மயங்கி நிற்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அது நிறைவானது 1987-இல். நம் அம்மா சின்ன வயதில் பார்த்தது மொட்டைக் கோபுரம்தான்.

மேடை நாடகம்தான் உன் ஆசை என்றால் ஆற்றைத் தாண்டித் திருச்சிக்குள் வா. எஃப்.ஜி. நடேச ஐயர் 1914-இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில்தான் பத்து வயதுப் பையன் ஒருவன் லோகிதாசனாக மேடை ஏறினான். பின்னாளில் அவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். வைகாசி வாக்கில் வருவதானால் தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் போ. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். அங்கே வேடம் உண்டு, ஒப்பனை உண்டு, மேளதாளம் உண்டு, ராத்திரி முழுக்க உட்கார நாற்காலியும் கிடைக்கும். ஓபரா பழகினவளுக்கு அது சுலபமாகப் பிடித்துவிடும். என் ஓட்டு அரையர் சேவைக்குத்தான்.

வந்து சேர

வெளியூர் பஸ்கள் இப்போது பஞ்சப்பூர் முனையத்துக்கு வந்துவிடுகின்றன. அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு எது நேராகப் போகும் என்று கேட்டு ஏறு. ஜங்ஷனில் இறங்கினால் மத்தியப் பேருந்து நிலையத்துக்கு நடந்து போய் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடி. சத்திரம் பேருந்து நிலையம் வழியாகக் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து விடும். சில ரயில்கள் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே நிற்கும், முன்பதிவு செய்யும்போது அதைப் பார்த்துக்கொள். அங்கிருந்து ஆட்டோ என்றால் ஏறும் முன் பேசிவிடு.

அறைதான் பெரிய பாடு. விழா நாள்களில் சித்திரை வீதி, உத்திர வீதிப் பக்கம் எதுவும் காலியாக இருக்காது. கொள்ளிடக் கரையோரம் கோயிலின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது, சீக்கிரமே பதிவு செய்ய வேண்டும். அதுவும் கிடைக்கவில்லையென்றால் சத்திரம் பக்கம் தங்கிக்கொள். என்ன, இராப்பத்தில் சேவை முடிந்து ராத்திரி திரும்புவதற்கு ஆட்டோவைத்தான் நம்ப வேண்டும். சாப்பாட்டையும் கோயிலுக்குப் போகும் முன்பே முடித்துவிடு. வயிறு நிறைய வேண்டாம், தூக்கம் வரும். இரண்டு இட்லி, ஒரு காபி போதும். திரும்பும்போது பிரசாத ஸ்டால் திறந்திருந்தால் புளியோதரை வாங்கிக்கொள்.

நிகழ்ச்சி நிரல் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பகல் பத்தா இராப்பத்தா என்று மட்டும் அன்றைக்கே சொல்லிவிடு. அம்மாவும் வருவதானால் கீழ்த்தளத்தில் அறை பார்க்க வேண்டும், மாடிப்படி அவளுக்கு ஆகாது.